கப்டன் குளிச்சத நாங்க யாரும் பாக்கல

பிட்டர் வேல தெரியாதவன் ‘நான் பிட்டரு’ன்னு வாயத் தொறந்தா என்ன ஆகும்னு சொல்றதுக்கு என்னய விட்டா இந்த மலையில ஆள் இல்ல. பொய் சொல்றது லேசு. சொன்ன பொய்யக் கெணத்துக்குள்ள எறக்கி வேல செய்ய வைக்கணும் பாருங்க, அங்கதான் மூச்சு முட்டும்.

இத்தன வருசம் கழிச்சு இத ஏன் கெளப்புறேன்னா, எல்லாம் என் பேத்தி ஜெசிந்தாவாலதான். அவ திரங்கானுவுல எண்ணெய் எடுக்குற எடத்துல இஞ்சினியரு. போன கிறிஸ்மசுக்கு வந்தவகிட்ட, “அப்படி என்னதான்டி வேல பாக்குற?”ன்னு கேட்டேன்.

“தாத்தா, கடலுக்கு அடியில கெணறு ஆயிரக்கணக்கான அடி எறங்கும். அங்க கையும் எட்டாது, ஸ்பானரும் எட்டாது. அதனால ஒரு சாமான மூடி உள்ள எறக்கிருவோம். மேலேருந்து தண்ணிய அமுக்குனா, ஒரு அளவு வந்ததும் உள்ள இருக்குற பின்னு ஒடஞ்சு அது தானாத் தொறந்துக்கும். அந்தச் சாமான வரையுறதுதான் என் வேல.”

எனக்குச் சிரிப்புத் தாங்கல. “இத நான் ஜப்பான்காரன் காலத்துலயே செஞ்சிட்டேனேடி! கொய்யாக்கட்ட மூடி, ஈயப் பின்னு!”

அவ உடனே கம்ப்யூட்டர் பொட்டியத் தொறந்துகிட்டு உக்காந்துட்டா. அன்னைக்கு ஆரம்பிச்சது, வர்றப்பல்லாம் கொஞ்சங்கொஞ்சமா நடக்குது. (எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்ல அவதான் தட்டுறா. எங்கயாச்சும் தப்பு இருந்தா படிச்சவளக் கேளுங்க.)

மலாய் நாட்ட ஜப்பான்காரன் புடிச்சிருந்த நேரம், எனக்கு இருவது வயசு இருக்கும். சவரிமுத்துன்னா தேயிலை பேக்டரியில எண்ணெ போடுறவன்னு எல்லாருக்கும் தெரியும். மெசின் காது குத்துற மாதிரி கத்துனா ஓடிப்போய் எண்ணெ ஊத்துவேன், அவ்ளோதான் நம்ம படிப்பு. வெள்ளக்காரத் துரை சண்ட வந்ததும் ஓடிட்டாரு. பேக்டரியில மெசின் பழுது பாக்குற பிட்டர் ஒரு சீனரு, அவரும் எங்கயோ காட்டுப் பக்கம் போயிட்டாரு. துரை பங்களாவுல ஒரு ஜப்பான் கப்டன் வந்து உக்காந்தான். எங்களுக்கு அரிசி போய் மரவள்ளி வந்துச்சு, சட்ட போய் கோணிச்சாக்கு வந்துச்சு. அந்தக் குளிர்ல கோணி போட்டுப் பாத்தீங்களா? குளுரும் போகாது, அரிப்பும் போகாது. இப்ப கியா பார்ம்ல ஸ்ட்ராபெரி வாங்க வர்ற பிள்ளைங்க குளிருதுன்னு மூணு சட்ட போட்டுக்கிட்டு நடுங்குதுங்க. சரி, அது கெடக்கட்டும்.

அந்தக் கப்டனுக்கு ஒலகத்துல ஒரே ஒரு ஆச. குளியல். தெனமும் பீப்பாய்ல வெந்நீர் ஊத்தி, கழுத்து வரைக்கும் உக்காந்துக்குவான். ஆனா மேல அணையிலேருந்து வர்ற தண்ணியில எலையும் அட்டையும் மெதக்கும். ஒருநாள் பீப்பாய்க்குள்ள அட்ட அவன எங்க கடிச்சிச்சுன்னு சமையக்காரன் சொன்னான். (ஜெசிந்தா, அத தட்டாத.) அதோட அவன் பேக்டரி பக்கத்துல துரை போட்டு வச்சிருந்த குழாக் கெணத்தப் பாத்துட்டான். ஆறு இஞ்சு இரும்புக் குழா, எம்பது அடி ஆழம், பாறத்தண்ணி. ஒரு காலத்துல கண்ணாடி மாதிரி வரும். அடியில சேறு அடைச்சு, வருசமாச்சு சொட்டு வந்து.

அதே வாரந்தான் சயாமுக்கு ரயில் ரோடு போட ஆள் கேட்டு உத்தரவு வந்துச்சு. எங்க தோட்டத்துக்கு முப்பது ஆளு. அதுக்கு முன்னால போனவங்க ஒருத்தரும் திரும்பல. பேர் எழுதுறவரு தோட்டத்துக் கணக்குப்பிள்ள, தங்கையா கிராணி. என் பேரு முத பத்துக்குள்ள இருக்குன்னு காத்து வாக்குல காதுல விழுந்துச்சு.

எனக்கும் கொழுந்து பறிக்கிற ரோசம்மாவுக்கும் கோயில்ல ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. எங்க வேதத்துல கல்யாணத்துக்கு முன்னால மூணு ஞாயித்துக்கெழம ஓலை வாசிப்பாங்க. மூணாவது ஓலை வர்ற ஞாயிறு.

“நீ சயாமுக்குப் போயிட்டா நான் என்னா செய்யிறது?”ன்னா அவ. “ரெண்டு ஓலைய வச்சிக்கிட்டு முக்காப் பொண்டாட்டியா நிக்கவா?”

மறுநாள் காலையில பெரட்டுல, ஆளு எண்ணி வேல பிரிக்கிற எடத்துல, கிராணி கேட்டாரு: “கப்டனுக்குக் கெணத்துல தண்ணி வரணுமாம். பிட்டர் வேல தெரிஞ்சவன் இருக்கீங்களா? தண்ணி கொண்டாந்தா சயாமுக்குப் போக வேண்டாம்.”

“நான் இருக்கேங்கய்யா!”

“நீயாடா? நேத்து வரைக்கும் எண்ணெத் தூக்குவாளிய வச்சிக்கிட்டு நின்ன?”

“எண்ணெ போடுறது பாதி பிட்டர்தானுங்களே ஐயா.”

கப்டன் என்னய மேலயும் கீழயும் பாத்தான். அவனுக்கும் எனக்கும் மலாய்தான் பொதுப் பாஷ. ரெண்டு பேருக்கும் ஒரே அளவுக்குத்தான் தெரியும், அதாவது கொஞ்சூண்டு.

“ஆயர் பெர்சே. போலே?” சுத்தத் தண்ணி, முடியுமான்னு கேக்குறான்.

“போலே, துவான்! போலே!”ன்னேன், முடியும் துரைன்னு. என்னா போலே, எப்புடி போலேன்னு எனக்கே தெரியாது.

“வெள்ளிக்கெழம,” கிராணி மெதுவாச் சொன்னாரு. “லோரியும் அன்னைக்குத்தான் வருது. தண்ணி வரலன்னா நீ அதுலயே ஏறிக்க.”

ரெண்டு நாள் கெணத்துக் குழாய்க்குள்ள எட்டி எட்டிப் பாத்தேன். என் மூஞ்சி கூட தெரியல. அப்பறம் ஒரு யோசன. பேக்டரி சக்கரம் சுத்துறதுக்கு மேல அணையிலேருந்து ஒரு பெரிய குழா வரும். அந்தத் தண்ணிக்குப் பேய் பலம், ஆளத் தூக்கி எறிஞ்சிரும். அத ஒரு சின்னக் குழாயில அடி வரைக்கும் கொண்டு போனா சேத்த ஒடைக்கலாம். ஆனா சின்னக் குழா வாயத் தொறந்துகிட்டு எறங்குனா சேறு பூந்து அடைச்சிரும். வாய மூடிக்கிட்டு எறங்கணும், அடியில போய்தான் தொறக்கணும். (நான் அந்தக் குழா மாதிரி இருந்திருந்தா ‘போலே’ன்னே சொல்லிருக்க மாட்டேன்.)

கொய்யாக்கட்டையில ஒரு மூடி செதுக்குனேன். இடுக்குல தண்ணி கசியாம இருக்க கோயில் மெழுகுவத்தித் துண்டு. (மாதாவே, மன்னிச்சிக்க.) மூடியயும் குழாயயும் சேத்து ஓட்ட போட்டு, குறுக்க ஒரு பின்னு. தண்ணி அமுக்குனா பின்னு ஒடையணும், மூடி பறக்கணும். எதுல பின்னு செய்யிறது? மூங்கில் குச்சி வச்சேன், தூக்கும்போதே ஒடஞ்சிச்சு. ஆணி வச்சேன், ஆணி அப்புடியே நிக்குது, குழா மூட்டு பிச்சிக்கிட்டுப் போச்சு. அப்பதான் தேயிலைப் பொட்டிக்கு உள்ள ஒட்டுற ஈயத்தாளு கண்ணுல பட்டுச்சு. அத உருக்கி, நாணல்ல ஊத்தி, பின்னு பின்னா செஞ்சேன். பென்சில் தடிப்பு ஒடையல. தீக்குச்சி தடிப்பு சும்மாவே மடங்குது. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு, அந்தப் பெரிய குழா வால்வு கால்வாசி தொறந்ததும் ‘டொப்பு’ன்னு ஒடஞ்சிச்சு பாருங்க! பேக்டரி வாசல்ல நின்னு நான் மட்டும் கை தட்டிக்கிட்டேன்.

இதுல ரெண்டு ஓட்ட. மொத ஓட்ட, வால்வுக்குச் சக்கரம் இல்ல, துரை போகும்போது யாரோ கழட்டிட்டாங்க. நான் ஒரு நீட்டுக் கட்டயக் கட்டியிருந்தேன். கட்டய கையில புடிச்சிக்கிட்டே இருந்தா தண்ணி கொஞ்சமாப் போகும். விட்டா மொத்தமும் தொறந்துக்கும். விட்டாத்தானே, நான் எதுக்கு விடப் போறேன்னு நெனச்சேன். ரெண்டாவது ஓட்ட, எனக்குத் தோணவே இல்ல. கீழ எறங்குற தண்ணி அப்பறம் எங்க போகும்?

வெள்ளிக்கெழம காலையில தோட்டமே பேக்டரி வாசல்ல நிக்குது. சயாமுக்குப் போற பேர வாசிக்கப் பெரட்டு அங்கதான். ஒரு பக்கம் லோரி. ரோசம்மா முத வரிசையில, கூட எங்க கூட்டாளி மரியதாசு. குழா எம்பது அடியும் எறங்கிருச்சு. நான் கட்டய ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு மெதுவா, மெதுவாத் தொறக்குறேன். குழா நடுங்குது. இன்னும் ஒரு விரக்கடை தொறந்தா பின்னு ஒடஞ்சிரும்.

அந்நேரம் கப்டன் பங்களாவுலேருந்து எறங்கி வந்தான். தொவச்ச வெள்ளச் சட்ட, பளபளன்னு பூட்ஸு.

“கேரே!”ன்னு கத்துனாரு கிராணி.

அந்தக் காலத்து ஆளுங்களுக்கு அந்தச் சத்தம் எலும்புல எறங்கிருக்கும். ‘கேரே’ன்னா இடுப்பு மடிய குனியணும், ரெண்டு கையும் தொடையில ஒட்டணும். குனியாதவனுக்கு அறை. கை ஒட்டாதவனுக்கும் அறை. கைய ஒட்டுனா கட்ட போயிரும், கட்டயப் புடிச்சா அறை விழும். யோசிக்கவே இல்ல. ரெண்டு கையயும் எடுத்துத் தொடையில வச்சிக்கிட்டு அழகாக் குனிஞ்சிட்டேன்.

கீழ எங்கயோ ‘டொப்பு’ன்னுச்சு. பின்னு ஒடஞ்சிருச்சு! குனிஞ்சபடியே எனக்குப் பெரும தாங்கல.

கப்டனுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கு. என்னான்னு பாக்க கெணத்துக் குழா மேல போய் எட்டிப் பாத்தான்.

அப்பதான் எறங்குன தண்ணி எங்க போகும்ங்கிற கேள்விக்கு பதில் வந்துச்சு. மொதல்ல ஒரு ஏப்பம் மாதிரி சத்தம். அப்பறம் அத்தன வருசத்துச் சேறும், கருப்பா, கஞ்சி மாதிரி, அழுகுன எலையோட பனமர ஒசரத்துக்குக் கெளம்புச்சு. அம்புட்டும் கப்டன் மேல. தொப்பி எங்கயோ போச்சு. வெள்ளையா இருந்தது அவன் கண்ணு ரெண்டுந்தான்.

குனிஞ்சது குனிஞ்சதுதான், ஒருத்தரும் நிமிரல. ஏன்னா நிமிரணும்னா ‘நவோரே’ன்னு உத்தரவு வரணும். கப்டன் இருக்கும்போது அத அவந்தான் சொல்லணும். அவன் வாய் நெறைய சேறு!

நான் என் கால் கட்டவிரலப் பாத்துக்கிட்டே ரோசம்மாவுக்கு மனசுக்குள்ள சொல்லிட்டேன்: முக்காப் பொண்டாட்டி, என்ன மன்னிச்சிரு. இனி சயாமு கூட எனக்கு இல்ல, கத்திதான்.

சத்தம் மாறுச்சு. சேறு தீந்து தண்ணி வருது. என் காலடியில ஓடுன கருப்பு வெளுத்து, பழுப்பாகி, அப்பறம் தெளிஞ்சிச்சு. சில்லுன்னு சுத்தமான பாறத்தண்ணி. குனிஞ்சபடி பாத்தா, தூரத்துல ஒரு ஜோடி பூட்ஸு கழண்டு தரையில விழுது. அப்பறம் கோட்டு. அப்பறம் நான் சொல்லப் போறதில்ல. அந்தச் சேத்தோட பங்களா வரைக்கும் நடக்க முடியுமா? மனுசன் அங்கயே, மழ மாதிரி கொட்டுற தண்ணியில நின்னு நல்லாத் தேச்சுக் குளிச்சான். முனகுற சத்தம் கேட்டுச்சு. கோவமா, சொகமான்னு புரியல. எரநூறு பேரு இடுப்பு ஒடிய குனிஞ்சிக்கிட்டே இருந்தோம். வயசானவரு ஒருத்தரு எம்பக்கத்துல, “அடே சவரி, அவன் சவுக்காரம் போட்டா நான் செத்துருவேன்டா”ன்னாரு. நான் சிரிச்சா அதுவே என் கடைசிச் சிரிப்பு, உதட்டக் கடிச்சிக்கிட்டேன்.

ரொம்ப நேரம் கழிச்சு, “நவோரே.”

நிமிந்தோம். கப்டன் நனஞ்ச கால்சட்டையோட வெறைச்சிக்கிட்டு நிக்கிறான். ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்தான்.

“சியாப்பா தெங்கோ?” யார் பாத்ததுன்னு கேக்குறான்.

அப்ப ஒரு பொம்பளக் குரல், கணீர்னு: “தா தெங்கோ, துவான்!” ரோசம்மா! பாக்கலங்கிறா. அடுத்து மரியதாசு, அப்பறம் எல்லாருந்தான். கங்காணி, கொழுந்துக்காரி, கைக்குழந்தைக்காரி வரைக்கும் எரநூறு பேரும் ஒரே குரலா, “தா தெங்கோ!”

கப்டன் தோள் கொஞ்சம் எறங்குச்சு. யாரும் பாக்கலன்னா நடக்கவே இல்லதானே? எங்கிட்ட வந்தான். அறைஞ்சான், ரெண்டு பக்கமும். (இன்னைக்கும் எடது காது பாதிதான் கேக்கும். ரோசம்மா திட்டும்போது அந்தப் பக்கத்தத்தான் குடுப்பேன்.) அப்பறம் கொட்டுற தண்ணிய ஒரு கையில புடிச்சிக் குடிச்சுப் பாத்தான். கிராணிகிட்டத் திரும்பி, என்னயக் காட்டி, “ஓராங் இனி சினி”ன்னான்.

இந்த ஆளு இங்க. அவ்ளோதான். தங்கையா கிராணி என் பேர அடிச்சாரு.

லோரி கெளம்பிச்சு. மரியதாசு அதுலதான் போனான். அடிவாரத்துத் தாப்பாவுக்கு எறங்குற வளைவுல கையக் காட்டிக்கிட்டே போனான், பாக்கல, பாக்கலன்னு சிரிச்சிக்கிட்டே. அவன் திரும்பல.

ஞாயித்துக்கெழம மூணாவது ஓலைய வாசிச்சாங்க. அறுவது வருசத்துக்கு மேல அவகூட வாழ்ந்தாச்சு. அதுல ஒவ்வொரு நாளும் அந்த எரநூறு பேரு எனக்குச் செஞ்ச உபகாரம். பாத்துட்டேன்னு ஒரு குழந்த சிரிச்சிருந்தா, இத தட்டுறவ பொறந்தே இருக்க மாட்டா.

ஒண்ணு பாக்கி. ரோசம்மா வருசா வருசம் பெரிய வெள்ளிக்கு முன்னால பாவசங்கீர்த்தனத்துல, “பாக்கலன்னு பொய் சொன்னேன் சாமி”ன்னு சொல்லுவா. ஒரு சாமியாரு சலிச்சுப் போய், “அதத்தான் எப்பவோ மன்னிச்சாச்சேம்மா”ன்னாராம். “பொய்ய மன்னிச்சிட்டீங்க சாமி. நெனச்சு நெனச்சு இன்னும் சிரிக்கிறேனே, அத எப்ப மன்னிப்பீங்க?”ன்னாளாம் இவ. அன்னைக்கு அவ எவ்ளோ பாத்தான்னு எங்கிட்ட மட்டும் சாகுற வரைக்கும் சொல்லல.

இப்ப எங்க வீட்டுல யாரு கொழம்பு கருக்குனாலும், கார இடிச்சாலும், பரீட்சையில கோட்ட விட்டாலும், மத்தவங்க எல்லாம் வரிசையா நின்னு, கைய தொடையில ஒட்டி இடுப்பு மடிய குனிஞ்சிக்கிட்டு, “தா தெங்கோ!”ன்னு கத்துவோம். போன மாசம் ஜெசிந்தா செஞ்ச சாமான் மொத சோதனையில தொறக்கலயாம். பெரிய அதிகாரிங்க முன்னால அழுகையோட நின்னுருக்கா. போன்ல சொன்னா.

நான் போன அணைக்காம மேச மேல வச்சிட்டு எழுந்திரிச்சேன். இந்த வயசுல இடுப்பு எங்க மடியுது? முடிஞ்ச வரைக்கும் குனிஞ்சேன். நான் குனிஞ்சது அந்தப் பக்கம் அவளுக்குத் தெரியாதுதான். ஆனா குனிஞ்சாத்தான் அந்த வார்த்த எனக்குச் சரியா வரும்.