சோறு வரட்டும்

என் 2002-ஆம் ஆண்டு டைரியில், டிசம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "மாலை, உமாவின் அப்பாவுடன் ஓட்டலில் சாப்பாடு. நுரை வந்தது. சோறு வரவில்லை. ஒன்றும் புரியவில்லை." வானிலையிலிருந்து வாழைக்காய் வரை பக்கம் பக்கமாக எழுதிவைக்கிற ஆள் நான். அன்றைக்கு அதற்குமேல் பேனா ஓடவில்லை என்றால் நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நான் கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்தது 1998-ல். ஊரின் பெயர் கொல்கத்தா ஆனது 2001-ல். (ஆகவே வந்து சேர்ந்தது கல்கத்தாவில், மானம் போனது கொல்கத்தாவில். தேதி விஷயத்தில் நான் கறார்.) கார்டன் ரீச்சில் எங்கள் அலுவலகத்தில் பக்கத்துப் பிரிவில் இருந்தவள் உமா. திருநெல்வேலிப் பெண். வங்காளியில் மீன்காரரோடு சண்டை போடுவாள், அதுவும் மீன் சாப்பிடாமலே. நானோ மெட்ராஸ்காரன்; "எவ்வளவு", "வேண்டாம்", "நேராகப் போங்கள்" என்ற மூன்று வங்காளிச் சொற்களில் நாலு வருஷத்தை ஓட்டியவன். கல்யாணம் செய்துகொள்வது என்று நாங்கள் இருவரும் முடிவு செய்துவிட்டோம். அவளுடைய அப்பா சங்கரலிங்கம் சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

மின்வாரியத்தில் ஓய்வுபெற்றவர் அவர். என்னைப் பார்ப்பதற்கென்றே ரயிலேறி வந்து, தமிழர்கள் அதிகம் வசிக்கும் லேக் மார்க்கெட் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தார். "பையன் சாப்பிடுததைப் பாத்தாப் போதும், மத்ததெல்லாம் தன்னால தெரிஞ்சிரும்" என்று மகளிடம் சொல்லியிருந்தார்.

"பேசாம லேக் மார்க்கெட்லயே ஒரு மெஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள் உமா. "அப்பாவுக்கு சாம்பார் நல்லாருந்தா உலகமே நல்லாருக்கும்."

நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலப் பத்திரிகையில், தொலைக்காட்சியில் சமைத்துக் காட்டிப் புகழ்பெற்ற ஒரு சமையல் கலைஞர் இந்த ஊரில் ஓட்டல் திறந்திருப்பதைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. கத்தரித்து, தேதி போட்டு, கோப்பில் வைத்திருந்தேன். ஒரு விஷயத்தைப் படித்துவிட்டால் அது தெரிந்துவிட்டது என்று நம்புகிற வயது. போன் செய்து, சைவம்தானா என்று திரும்பத் திரும்பக் கேட்டு, மூன்று பேருக்கு மேஜை சொல்லிவைத்தேன்.

அன்று பார்த்து ஊரில் ஏதோ கட்சி ஊர்வலம். அலுவலகத்திலிருந்து நேரே வரவேண்டிய உமா பஸ்ஸில் மாட்டிக்கொண்டாள். அதனால் மங்கலான வெளிச்சத்தில், பல் மருத்துவரின் தட்டுபோல வரிசையாகப் பளபளத்த கத்திகளுக்கும் கரண்டிகளுக்கும் முன்னால், நானும் அவரும் மட்டும் உட்கார்ந்திருந்தோம்.

"கரண்டு இல்லையா இங்க?" என்றார்.

"இல்ல சார், இதுதான் ஸ்டைல்."

மின்வாரியக்காரர். அந்தப் பதிலை அவர் ரசிக்கவில்லை.

உமா வரட்டும் என்று சொல்லத் தெரியாமல் நான் விழித்துக்கொண்டிருந்தபோதே முதல் பதார்த்தம் வந்துவிட்டது. எங்கள் இருவருக்கும் தாம்பாளம் அளவு வெள்ளைத் தட்டு. நடுவில் கொட்டைப்பாக்கு அளவில் பழுப்பு நிற நுரை. பரிமாறிய இளைஞர் ஆங்கிலத்தில் ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றிவிட்டுப் போனார். பனிக்காலத்து ஈச்சவெல்லம் என்பது மட்டும் காதில் விழுந்தது.

சங்கரலிங்கம் குனிந்து முகர்ந்தார். முகம் மலர்ந்தது. "கருப்பட்டி வாசம்லா வருது. முதல்ல இனிப்பு வைக்கான் பாத்தீங்களா தம்பி? பந்தி முறை தெரிஞ்சவன்." தட்டைச் சற்றுத் திருப்பி, நுரை இலையில் இனிப்பு இருக்கவேண்டிய இடத்துக்கு வருமாறு சரிசெய்தார். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கத் தொடங்கினார்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமும் இல்லை. கூட்டு, பொரியல், பச்சடி எல்லாம் வரவேண்டும். சோறு விழவேண்டும், பருப்பும் நெய்யும் விழவேண்டும். அதன்பிறகு பந்தியில் மூத்தவர் கைவைக்க வேண்டும். அதற்கு முன்னால் இலையைத் தொடுகிறவனுக்கு எங்கள் பக்கத்திலும் யாரும் பெண் கொடுக்கமாட்டார்கள். ஆகவே நானும் கையைக் கட்டிக்கொண்டேன்.

இளைஞர் தூரத்திலிருந்து பார்த்தார். நாங்கள் சாப்பிட்டு முடித்தால்தான் அவர் அடுத்ததைக் கொண்டுவருவார். அவர் அடுத்ததைக் கொண்டுவந்தால்தான் நாங்கள் சாப்பிட ஆரம்பிப்போம். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "எல்லாம் சரியாக இருக்கிறதா?" என்று கேட்டார்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றார் சங்கரலிங்கம். "மெதுவாவே வரட்டும்னு சொல்லுங்க தம்பி. அவசரமில்லை."

நான் அப்படியே மொழிபெயர்த்தேன். இளைஞர் குழப்பத்தோடு உள்ளே போனார்.

நுரை என்ன கல்லா, காத்திருக்க? மெல்ல மெல்ல அமுங்கி, கடைசியில் தட்டில் ஒரு ஈரத்தடம் மட்டும் மிஞ்சியது. அதை எட்டிப்பார்த்த இளைஞருக்கு நிம்மதி. சாப்பிட்டுவிட்டார்கள் என்று எண்ணி, வேகமாக வந்து சங்கரலிங்கத்தின் தட்டில் கைவைத்தார்.

ஒருவர் சாப்பிடுமுன் அவர் முன்னாலிருந்து இலையை எடுப்பது என்றால் என்ன அர்த்தம்? எழுந்து போ என்று அர்த்தம். சங்கரலிங்கம் இரு கைகளாலும் தட்டைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, இவன் இலையை எடுக்கான்."

"சார், விடுங்க சார்."

"யாரை விடச் சொல்லுதீய? என்னையா, அவனையா?"

யாரைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. இளைஞர் "சாரி சார்" என்றபடி இழுத்தார். இவர் விடவில்லை. சமையலறைக் கதவு திறந்து, நான் கத்தரித்து வைத்திருந்த அதே முகம், நீளத் தொப்பியோடு எங்களை நோக்கி வந்தது.

"இது யாரு, தவசிப்பிள்ளையா?" என்றார் சங்கரலிங்கம். அவருடைய ஊரில் விசேஷங்களுக்குச் சமைக்கும் தலைமைச் சமையல்காரருக்கு அதுதான் பெயர். "நல்லதாப் போச்சு. சோறு எங்கன்னு கேளுங்க."

கேட்டேன். தன் உணவு ஒவ்வொன்றாகத்தான் வரும், ஒன்றை ருசித்து முடித்த பிறகே அடுத்தது என்று அவர் பொறுமையாக விளக்கினார். நான் தமிழில் சொன்னேன். சங்கரலிங்கம் யோசித்தார்.

"அப்போ கூட்டு வந்ததும் கூட்டைத் தின்னு முடிச்சிரணும்."

"ஆமா சார்."

"பிறகு சோறு வரும்போது எதைத் தொட்டுக்கிடுவாவ?"

இதை ஆங்கிலத்தில் சொன்னேன். பெரிய கலைஞரிடம் இதற்குமுன் யாரும் கேட்காத கேள்வி என்று தோன்றியது. சோறு உண்டு, ஆனால் கடைசிக்கு முந்தி, ஒரு கரண்டி என்றார்.

"ஒரு கரண்டி" என்று அதை மட்டும் தமிழில் திருப்பிச் சொன்ன சங்கரலிங்கத்தின் குரலில் கோபம் இல்லை. ரயிலில் இரண்டு நாள் வந்த மனிதரின் துக்கம் இருந்தது. கல்யாணம் கைவிட்டுப் போவதை நான் கண்ணால் பார்த்தேன்.

அப்போதுதான் வியர்வையோடு உமா உள்ளே வந்தாள். தட்டைப் பிடித்திருக்கும் அப்பா, தட்டை இன்னும் விடாத இளைஞர், இடுப்பில் கைவைத்த கலைஞர், நான். ஒரு பார்வையில் அவளுக்கு விளங்கிவிட்டது. கலைஞரிடம் வங்காளியில் மடமடவென்று பேசினாள். அவர் முகத்தில் முதலில் அதிர்ச்சி, பிறகு வலி, கடைசியில் சரணாகதி.

பக்கத்து மேஜையை இழுத்துச் சேர்த்தார்கள். எல்லாப் பதார்த்தங்களும் ஒரே நேரத்தில் வந்தன. ஜில்லென்று வரவேண்டியதும் ஆவி பறக்க வரவேண்டியதும் அருகருகே உட்கார்ந்தன. மூன்று பேருடைய சோற்றையும் ஒரே கிண்ணத்தில் கொண்டுவந்தார்கள். சங்கரலிங்கம் கரண்டிகளை ஒதுக்கிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பீட்ரூட்டையும் வாழைப்பூவையும் ஒன்றாகப் பிசைந்தார். கலைஞர் கதவருகே நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார். பிறகு வெளியே வரவேயில்லை.

"தம்பி" என்றார் சங்கரலிங்கம், இரண்டாம் வாய்க்குப் பிறகு. "பசி முகத்துல தெரிஞ்சுது. இருந்தும் அவ்வளவு நேரம் கைவைக்கலியே, ஏன்?"

பந்தி முறை ஒரு பாதிக் காரணம். எந்தக் கரண்டியை எடுப்பது என்று தெரியாமல், அவர் எடுப்பதைப் பார்த்து எடுக்கலாம் என்று இருந்தது மறுபாதி. உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். மேஜைக்கடியில் உமா என் காலை மிதித்தாள். நான் வாயை மூடிக்கொண்டு தலைகுனிந்தேன். அது அடக்கமாகத் தெரிந்திருக்கவேண்டும்.

"வீட்டுல ஜாதகம் அனுப்பச் சொல்லுங்க" என்றார்.

இன்றும் எங்கள் வீட்டு விசேஷங்களில் நான் பந்தியில் உட்கார்ந்தால், "மாப்பிள்ளை, இலையைப் பிடிச்சுக்கிடுங்க" என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. பரிமாறுகிறவர்கள்கூடச் சொல்கிறார்கள்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு நிச்சயமாகவில்லை. பெரியவருக்கு முன்னால் கைவைக்காத பையன் என்பதால்தான் சம்மதித்தேன் என்று மாமா எல்லாரிடமும் சொல்கிறார். அத்தை சொல்வது வேறு. அன்று லாட்ஜிலிருந்து போன் செய்து, "இன்னொரு பையனைப் பாக்க இன்னொரு தடவை இப்படிச் சாப்பிட என்னால ஆகாது, இவனையே முடிச்சிருவோம்" என்று அவர் சொன்னாராம். இரண்டையும் மாமாவிடம் நேரிலேயே கேட்டுவிட்டேன். இரண்டுக்கும் அவர் சிரிக்கிறார். எது உண்மை என்பதை இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.