பாதி மேசை

தச்சர் வாழ்க்கையில் பெரிய முடிவு எதையும் எடுத்தவரல்ல. தொழிலைத் தேர்ந்தெடுத்தது அப்பா. வீட்டைத் தேர்ந்தெடுத்தது மாமனார். முடி எப்போது வெட்டிக்கொள்ள வேண்டும் என்பதைக்கூட மனைவிதான் சொல்வாள். அப்படிப்பட்டவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் ஆராதனைக்குப் புறப்பட்டுப் போனதும், சாப்பாட்டு மேசையை இரண்டாக வெட்டிவிடுவது என்று தன்னந்தனியாகத் தீர்மானித்தார்.

காரணம் இருந்தது. ஆராதனை முடிந்து அவள் தனியாகத் திரும்புவதே இல்லை. கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய பேருந்து நிலையம் மூடிக் கிடந்தது. அதன் கூரைக்குக் கீழே படுத்துக் கிடப்பவர்களில் யாரையாவது கையோடு கூட்டி வந்துவிடுவாள்.

"கர்த்தர் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தாரே, அந்தப் பன்னிரண்டு பேர்ல யாருக்குங்க சொந்த வீடு இருந்துச்சு?" என்பாள்.

அந்தச் சீடர்களில் பேதுருவுக்கு வீடு இருந்தது, கூடவே மாமியாரும் இருந்தார் என்பது தச்சருக்குத் தெரியும். ஆனால் சொல்லமாட்டார். அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள்.

முதலில் ஒருவர் வந்தார். பிறகு இரண்டு பேர். இப்போது மூன்று. வெயிலிலும் கம்பளித் தொப்பியைக் கழற்றாத கிழவர். பயணப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிடும் பெட்டிக்காரம்மா. கடைசி வாய் உள்ளே போவதற்குள் தூங்கிவிடும் முன்னாள் லாரி ஓட்டுநர்.

தச்சர் கல்நெஞ்சக்காரர் இல்லை. சாப்பாடு போடுவதில் அவருக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் மூன்று வாரத்துக்கு முன்பு மருத்துவர் அவளுடைய எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மழைக்காலம் வரைக்கும்" என்று மட்டும் சொல்லியிருந்தார். வார நாள்களில் இவர் பட்டறையில். மாலையில் அவள் மருந்து மயக்கத்தில். அவள் முழித்த கண்ணோடு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவது ஞாயிறு மதியம் மட்டும்தான். அந்த ஞாயிறிலும் இடையில் ஒரு தொப்பி, ஒரு பெட்டி, ஒரு குறட்டை.

'எனக்கு நீ மட்டும் போதும்' என்று சொல்ல அவருக்குத் தெரியாது. முப்பத்தோரு வருடமாகத் தெரியவில்லை. ரம்பம் பிடிக்கத் தெரியும்.

வெட்டிவிட்டார். ஆறு பேர் உட்காரும் மேசை, இருவர் உட்காரும் மேசையாயிற்று. மிச்சத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, மரத்தூளைக் கூட்டி அள்ளிவிட்டு, ஒன்றும் அறியாதவர்போல உட்கார்ந்திருந்தார். அவள் மூவரோடும் வந்தாள்.

"என்னங்க இது?"

"கரையான்."

"கரையானா?"

"ஆமா. அந்தப் பக்கம் முழுக்க."

அவள் வெட்டிய விளிம்பைத் தடவிப் பார்த்தாள். "பரவாயில்லையே! நூல் பிடிச்ச மாதிரி நேரா தின்னிருக்கு."

தொப்பிக்காரர் இருமினார்.

"இனிமே ரெண்டு பேருக்குத்தான் இடம்" என்றார் தச்சர், கூரையைப் பார்த்துக்கொண்டு.

"அதுக்கென்னங்க, எல்லாரும் கீழ உக்காந்துக்கலாம்."

அன்று ஐந்து பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். புது மேசைமேல் சூப்புப் பானை மட்டும் ராஜா மாதிரி வீற்றிருந்தது.

மறுநாள் அவள் கேட்டாள்: "ஏங்க, அந்த இன்னொரு பாதிக்கும் கால் போட்டுத் தாங்களேன்."

"எதுக்கு?"

"துணி தேய்க்க. குனிஞ்சா வலிக்குது."

வலிக்குது என்று அவள் வாயால் கேட்டால் தச்சருக்கு மூளை நின்றுவிடும். நல்ல மரமாகப் பார்த்து எடுத்தார். அவள் இடுப்பு உயரத்துக்கு அளந்தார். கை உரசினாலும் சிராய்க்காதபடி இழைத்து இழைத்துப் பளபளப்பாக்கினார். தன் கல்யாணத்துக்குச் செய்த கட்டிலுக்குக்கூட அவர் அவ்வளவு மெனக்கெட்டதில்லை.

அடுத்த ஞாயிறு சிறிய மேசையில் இரண்டு தட்டு வைத்துக் காத்திருந்தார். மணி ஒன்று ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. வழியில் எங்காவது மயங்கி விழுந்துவிட்டாளோ? செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

மூடிய பேருந்து நிலையத்தின் நடுவில் அவருடைய பாதி மேசை நின்றது. வெள்ளை விரிப்பு, சூப்புப் பானை, ரொட்டி. சுற்றிலும் ஏழெட்டுப் பேர். மேசையின் ஒரு முனையில் அவள். முந்தின நாள் இவர் பட்டறையில் இருந்தபோது தொப்பிக்காரரும் ஓட்டுநரும் வந்து, பின்கட்டில் நின்ற அதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"வாங்க, வாங்க. உங்களுக்காகத்தான் ஜெபத்தை நிறுத்தி வச்சிருக்கோம்."

"துணி தேய்க்கன்னு சொன்னே?"

"தேய்ச்சேனே. இந்த விரிப்பை."

"அதுக்காக இங்க வந்து..."

"கர்த்தர் வந்தா எங்கேங்க இறங்குவார்? பஸ் ஸ்டாண்டுலதானே!"

எல்லாரும் சிரித்தார்கள். தச்சர் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "வீட்ல ரெண்டு தட்டு வச்சிட்டு உக்காந்திருந்தேன்."

"தெரியுங்க."

"தெரிஞ்சுமா?"

அவள் அவர் சட்டைக் காலரைச் சரி செய்தாள். "அந்த மேசையில இன்னும் கொஞ்ச நாள்ல ஒரு தட்டுதானே இருக்கும். அதை நான் யோசிக்க வேணாமா?"

பெட்டிக்காரம்மா நகர்ந்து இடம் விட்டாள். யாரோ ரொட்டியை நீட்டினார்கள். அவர் ரொம்ப நேரம் மென்றார்.

மழைக்காலம் அந்த வருடம் முன்னதாகவே வந்துவிட்டது.

அடக்கம் முடிந்து எல்லாரும் போன பிறகு தச்சர் தன் வாழ்க்கையின் இரண்டாவது பெரிய முடிவை எடுத்தார். இனி பேருந்து நிலையம் இருக்கும் பக்கமே போவதில்லை. யாரும் வர வேண்டாம். முதல் ஞாயிறு அடுப்பு மூட்டவில்லை. கதவைத் தாழிட்டுவிட்டுச் சின்ன மேசையின் முன்னால் வெறுமனே உட்கார்ந்திருந்தார்.

மதியம் கதவு தட்டப்பட்டது. அவர் எழுந்திருக்கவில்லை. விடாமல் தட்டினார்கள். கடைசியில் போய்த் தாழை நீக்கி, ஒரு கண் தெரிகிற அளவு திறந்தார். மூன்று பேரும் நனைந்துபோய் நின்றார்கள். ஓட்டுநர் கையில் துணி சுற்றிய பானை.

"சாப்பாடு கொண்டாந்திருக்கோம் ஐயா" என்றார் தொப்பிக்காரர்.

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். அக்கா ஆராதனைக்குப் போற கோயில் சமையலறையில நாங்களே ஆக்கினோம். அக்கா படுக்கையில இருக்கும்போதே சொல்லி வச்சுட்டாங்க. 'ஞாயித்துக்கிழமை ஒருத்தர் கொலைப்பட்டினியா உக்காந்திருப்பார். கூப்பிட்டா வரமாட்டார். நீங்க போயிடுங்க'ன்னாங்க."

"எனக்குப் பசிக்கல."

பெட்டிக்காரம்மா தலையாட்டினாள். "அப்படித்தான் சொல்வீங்கன்னும் அக்கா சொன்னாங்க."

தச்சர் கதவைப் பிடித்தபடி நின்றார். மழை அவர் காலில் தெறித்தது.

"வேற என்ன சொன்னா?"

"இதைக் கேப்பீங்கன்னும் சொன்னாங்க" என்றாள் பெட்டிக்காரம்மா. "சாப்பிட உக்காந்தாத்தான் சொல்லணுமாம்."

தச்சர் உட்கார்ந்தார்.