அம்புலன்சில் ஏறாத ஊர்

பாம்பு கடித்த பிரதீபனை மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்தி, பின்னால் இருந்தவனின் இடுப்போடு சாரத்தால் சேர்த்துக் கட்டிக்கொண்டு போனார்கள். அதுவும் அம்புலன்ஸ் நின்ற இடத்தைத் தாண்டித்தான் போனார்கள்.

ஆண்டியப்பன் வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டு ரோட்டுக்குக் குறுக்கே பாய்ந்தான்.

"ஏத்துங்கோடா. எல்லாம் விரிச்சு வச்சுக் கிடக்கு. ஒரு இழுவையில ஆஸ்பத்திரி."

ஓட்டியவன் அவனை விலத்திக்கொண்டு, வேகத்தைக் குறைக்காமலே பதில் சொன்னான்.

"வேண்டாம் அண்ணை. எங்களுக்கு இவன் உயிரோட வேணும்."

கண் சொருகிக் கிடந்த பிரதீபன்கூடத் தலையை ஆட்டி அதை ஆமோதித்துவிட்டுப் போனான்.

நாவலடிக்குளம் புளியங்குளத்திலிருந்து உள்ளே கிடக்கிற ஊர். மாரி வந்தால் அந்தக் கிறவல் ரோட்டுக்கு ரோடு என்ற பெயர் மட்டும்தான் மிஞ்சும். வருத்தக்காரரை உழவு மெசினுக்குப் பின்னால் கொழுவுகிற பெட்டியில் வைக்கோல் பரப்பிக் கிடத்தி, மேலே படங்கு போட்டு மூடி, பெரிய ரோட்டுக்குக் கொண்டுபோவார்கள். போகிற வழியில் குலுங்கிய குலுக்கலில் பாதிச் சீவன் போய்விடும். ஆண்டியப்பனின் மனைவி இரஞ்சிதம் தன் முதல் பிள்ளையை அப்படி ஒரு பெட்டிக்குள்தான் பெற்றாள். பெரிய ரோட்டின் வெளிச்சம் தெரிகிற இடத்துக்கு வருவதற்குள் அது அழுகையை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

ஆகவே ஊர் கூடி, சூடடித்த களத்திலேயே வீட்டுக்கு ஒரு மூட்டை நெல் என்று எடுத்து, வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர்கள் மீதியைப் போட்டு, ஒரு பழைய வானை வாங்கி அம்புலன்ஸ் ஆக்கியபோது, சம்பளம் இல்லாமல் ஓட்ட ஆண்டியப்பன் முன்வந்ததில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. அவன் ஆலையில் நெல்மூட்டை தூக்குகிறவன். ஆலை லொறியையும் ஓட்டுவான். முதுகு ஏற்கெனவே போய்விட்டது, கையும் காலும் ஊருக்காவது உதவட்டும் என்று சொன்னான்.

முதல் ஓட்டத்திலேயே எல்லாம் நாசமாகிப் போனது.

வாய்க்கால் கரை வீட்டு அப்புத்துரைக்கு நெஞ்சு வலி என்று அவர் மனைவி விமலேஸ்வரி ஆள் அனுப்பினாள். ஆண்டியப்பன் போனபோது மனிதரைப் போர்வையால் கழுத்துவரை மூடி, வாசலுக்கே கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். "கெதியா ஏத்துங்கோ, கெதியா ஏத்துங்கோ" என்று அந்த மனுசி பறந்த பறப்பில் அவனும் ஓடிப்போய்த் தூக்கி ஏற்றினான். படலை தாண்டியதும் அவளே முன்பக்கம் எட்டி, "மெதுவாப் போ தம்பி, குலுங்குது" என்றாள். அவனும் மெதுவாகப் போனான். ரயில் கடவையில் கேற் போட்டிருந்தது. ரயில் வந்து போகும் மட்டும் நின்றான். ஆஸ்பத்திரியில் இறக்கினால், சீவன் இல்லை என்றார்கள்.

அந்த ரயிலை ஆண்டியப்பன் மறக்கவே இல்லை. கேற்றைச் சுற்றி வளைத்து ஓடியிருக்கலாம், அவள் சொன்னாலும் மெதுவாகப் போயிருக்கக் கூடாது, தான்தான் அந்த மனிதரைக் கொன்றது என்று இரஞ்சிதத்திடம் திரும்பத் திரும்பச் சொல்லிச் சாப்பாட்டைப் பாதியில் தள்ளிவிட்டு எழும்புவான். ஊர் அவனைக் குறை சொல்லவில்லை. ஊர் வண்டியைக் குறை சொன்னது. முதல் ஆளையே எடுத்த வண்டி, இனி ஏறுகிறவர்களை விடுமா? பிள்ளைத்தாய்ச்சிகள் அதைக் கண்டால் ரோட்டின் மற்றப் பக்கத்தால் நடந்தார்கள். பிரதீபன் மோட்டார் சைக்கிளில் போய்ப் பிழைத்து வந்தது இன்னும் மோசம். பிறகு ஊரில் இன்னொருவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, உழவு மெசின் பெட்டியில் போகும் வழியில் செத்தான். உழவு மெசினை ஒருவரும் குறை சொல்லவில்லை.

அம்புலன்ஸ் சபைத் தலைவர் முத்துலிங்கம் பழைய சங்கக்கடை மனேச்சர். எதற்கும் ஒரு வழி இருக்கிறது என்று நம்புகிறவர். டீசலுக்கு அனுப்புகிற வெளிநாட்டுக்காரர்கள், ஓடாத வண்டிக்கு எதற்கு டீசல், ஓடக்கூடிய ஊருக்குக் கொடுங்கள் என்று சொல்லத் தொடங்கிவிட்டதாக அவர் வந்து சொன்னபோது, ஆண்டியப்பன் போய் வண்டியின் முன்னால் நின்றுகொண்டான். வண்டி போனால் ஊர் மறுபடியும் பெட்டிக்குள்தான் பிள்ளை பெறும்.

"தோசத்தைக் கழிப்பம்" என்றார் முத்துலிங்கம்.

முனியப்பர் கோயில் பூசாரியைப் பிடித்தார்கள். பூசாரி அரைகுறையாக ஒன்றும் செய்கிறவர் இல்லை. நீற்றுப்பூசணியை வெட்டிக் குங்குமம் தடவி நாலு சில்லுக்கும் பலி கொடுத்தார். முன்கண்ணாடிக்கு மேலே பட்டையாகத் திருநீறு பூசினார். பக்கங்களில் வேப்பிலை செருகினார். போதாது என்று, வண்டியின் முன்பக்கம் முழுக்க மறைக்கிற மாதிரி ஒரு பெரிய செவ்வந்தி மாலை போட்டார். மாலை வாடும்வரை கழற்றக் கூடாது, கழற்றினால் தோசம் இரட்டிப்பாகும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கோலத்தோடு ஆண்டியப்பன் டீசல் அடிக்கப் புளியங்குளம் சந்திக்குப் போனான். தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் கிளாசை வைத்துவிட்டு எழும்பி நின்றார்கள். ஒரு மனிதர் தொப்பியைக் கழற்றினார். டீசல் அடித்தவன் குரலைத் தாழ்த்தி, "ஆர் அண்ணை மோசம் போனது? எடுக்கிறது எத்தினை மணிக்கு?" என்று கேட்டான்.

இரண்டாவது யோசனை ஆண்டியப்பனுடையது. உயிரோடு போய் உயிரோடு திரும்பி வந்த ஒருவனை ஊர் கண்ணால் பார்க்கவேண்டும். அதற்கு மாயாண்டியைத் தெரிவு செய்தான். ஆலையில் அவனோடு மூட்டை தூக்குகிறவன். மாடு மாதிரி உடம்பு. ஒரு போத்தல் சாராயம் என்றதும் வருத்தக்காரனாக நடிக்க ஒப்புக்கொண்டான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சந்தியில் விழவேண்டும், அம்புலன்சில் ஏறவேண்டும், ஆஸ்பத்திரி வாசலில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் பின்னேரம் சிரித்துக்கொண்டு வந்து இறங்கவேண்டும். இவ்வளவுதான் வேலை.

மாயாண்டி நன்றாகவே விழுந்தான். வாசிகசாலை முன்னால் அவன் போட்ட சத்தத்தில் அவன் மனைவியே நம்பி அழுதாள். வழியெல்லாம் படுத்தபடி பாட்டுப் பாடிக்கொண்டு வந்தான்.

ஆனால் ஆஸ்பத்திரிக்குள் அம்புலன்ஸ் நுழைந்தால் அங்கே இருக்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? வண்டி நிற்க முன்னமே கதவைத் திறந்து, மாயாண்டியைத் தள்ளுவண்டிலில் போட்டு, காலில் கிடந்த பூட்சைக் கழற்றப் போனார்கள். அவன் கழற்ற விடவில்லை. அதனாலேயே இழுத்துக் கழற்றினார்கள். உள்ளே பழந்துணி சுற்றி ஒரு புண். மாதக்கணக்காக யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த புண். வேலை போய்விடும் என்று பயந்து மறைத்திருக்கிறான். சீனி வருத்தம் என்றார்கள். இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் காலையே எடுத்திருப்போம் என்று டொக்டர் ஆண்டியப்பனின் தோளில் தட்டிச் சொன்னார். அம்புலன்ஸ் தொடங்கிய பிறகு அவனுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான். அதை ஊரில் சொல்ல முடியவில்லை.

ஏனென்றால், எல்லாம் கேள்விப்பட்டு மாயாண்டியின் மனைவி சந்தியிலேயே காத்துக்கொண்டு நின்றாள்.

"பத்து விரலோட ஏறின மனுசன். நடிக்க எண்டுதானே கூட்டிக்கொண்டு போனனீ? நடிக்கப் போனவனையே வெட்டி அனுப்புது உன்ர வண்டி. உண்மையா வருத்தம் எண்டு போனா என்னத்தைத் திருப்பித் தரும்?"

ஆண்டியப்பன் சாராயப் போத்தலை நீட்டினான். அவள் அதை வாங்கி மதகில் அடித்து உடைத்தாள்.

இரஞ்சிதம்தான் மூன்றாவது வழியைச் சொன்னாள். சாவுக்கும் வருத்தத்துக்கும் போய்ப்போய்த்தான் அந்த வண்டிக்கு இந்தப் பெயர், ஒரு நல்ல காரியத்துக்கு ஓடினால் சனம் மனம் மாறும் என்றாள். வேண்டிக்கொண்ட மாதிரி ஊரில் கௌசலா என்ற பெண்ணின் கலியாணம் வந்தது. சோடித்த கார் ஊருக்குள் வரும்போதே சேற்றில் குந்திவிட்டது. புளியங்குளம் மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்க, நல்ல நேரம் நழுவிக்கொண்டிருந்தது. பெண்ணின் தகப்பன் ஆண்டியப்பனைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "சரி, ஏத்து" என்றார்.

வாடிய மாலையைக் கழற்றிவிட்டுப் புது மாலை போட்டான். கௌசலாவைக் கூறைச் சேலையோடு வருத்தக்காரர் படுக்கிற கட்டிலில் இருத்தினார்கள். எல்லாம் சரியாகத்தான் போனது. பெரிய ரோட்டுக்கு ஏறும்போது, முன்னால் இருந்த தோழிப்பெண் கண்ணாடி பார்க்கக் குனிந்து சைரன் பொத்தானை அமத்திவிட்டாள். இதுவரை ஒருநாளும் வேலை செய்யாத சைரன் அது. இப்போது நிற்கமாட்டேன் என்றது. பஸ்கள் ஒதுங்கின. பொலிஸ்காரர் ஒருவர் தன் மோட்டார் சைக்கிளை முன்னால் விட்டு, கையைக் காட்டி, மண்டப வாசல் வரைக்கும் வழி எடுத்துக் கொடுத்தார்.

மாப்பிள்ளை வீட்டார் கண்டது இதுதான்: பொலிஸ் முன்னால் வர, அலறிக்கொண்டு ஒரு அம்புலன்ஸ் வந்து நின்றது. பின்கதவு திறந்தது. நாலு பெண்கள் சேர்ந்து, மை கரைந்து வழிகிற மணப்பெண்ணைத் தாங்கி இறக்கினார்கள்.

மாப்பிள்ளையின் தாய் தலையைச் சுற்றுகிறது என்று தரையில் இருந்துவிட்டாள். ஆண்டியப்பன் நல்ல மனதோடு, "ஏறுங்கோ அம்மா, நான் கொண்டுபோய்க் காட்டுறன்" என்றான். அந்த மனுசி எழும்பி ஓடிய ஓட்டத்தில் தலைச்சுற்று எங்கே போனது என்று தெரியவில்லை. தாலி ஏறியது. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைக் கால்மாறும் சடங்குக்குத் தங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. நேரே ஒரு டொக்டரிடம் கொண்டுபோய், தலை முதல் கால்வரை சோதித்து எழுதித் தரச்சொல்லிக் கேட்டார்கள்.

அதற்குப் பிறகு முத்துலிங்கத்திடமும் வழி இருக்கவில்லை. கூட்டம் போட்டார். கூட்டத்துக்கு வந்தவர்கள்கூட வண்டி நின்ற பக்கம் முதுகைக் காட்டி இருந்தார்கள். கனகராயன் ஆற்றுக்கு அங்கால் இருக்கிற ஒரு ஊர் வண்டியைக் கேட்கிறது, கொடுத்துவிடுவோம் என்றார். ஆண்டியப்பன் எழும்பி, அந்தப் பெட்டிக்குள் செத்த தன் பிள்ளையைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினான். பாதியிலேயே விட்டுவிட்டான். வண்டித் திறப்பை எடுத்து மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டான்.

மறுநாள் மத்தியானம் அந்த ஊர்க்காரர்கள் வந்து வண்டியைக் கொண்டுபோனார்கள். மாலையையும் சேர்த்துத்தான் கொண்டுபோனார்கள். வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறையும் கொஞ்சம் வேப்பிலையும் கிடந்தன. ஆண்டியப்பன் அந்தக் கறைக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தான். இரஞ்சிதம் சோற்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தானும் பக்கத்தில் இருந்தாள்.

அப்போதுதான் விமலேஸ்வரி வேர்த்து விறுவிறுக்க வந்தாள். புருசன் அப்புத்துரை செத்ததற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. அவளைக் கண்டதும் ஆண்டியப்பன் எழும்பி நின்று தலையைக் குனிந்துகொண்டான்.

"வண்டி எங்க தம்பி?"

"குடுத்தாச்சு அக்கா. இனி வராது."

அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். மாமியார் சாகக் கிடக்கிறாளாம், சேடம் இழுக்கிறதாம். மத்தியானத்தோடு சாவுக்கு ஆகாத பஞ்சமி தொடங்கிவிட்டதாம். பஞ்சமியில் வீட்டுக்குள் சீவன் போனால் வீட்டை மாதக்கணக்கில் பூட்டிப்போட்டு வெளியில் கிடக்கவேண்டும், வீட்டுத்திட்டத்தில் கிடைத்த அந்த ஒரு கல்வீட்டை விட்டுவிட்டு மாரிக்குள் பிள்ளைகளோடு எங்கே போய்க் கிடப்பது என்று மூச்சு வாங்கச் சொன்னாள்.

"ஏன் குடுத்தனீங்கள்? அவசரத்துக்கு எண்டு ஊருக்கு இருந்தது அது ஒண்டுதானே."

ஆண்டியப்பனுக்கு இவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்தது உடைந்தது.

"ஒருத்தரும் ஏறயில்லை அக்கா. எப்பிடி ஏறுவினம்? நான் மெதுவாப் போய், கேற்றில நிண்டு, உங்கட மனுசனை வண்டிக்குள்ளயே சாகவிட்டனானெல்லோ."

விமலேஸ்வரி அவனை விளங்காத மாதிரிப் பார்த்தாள்.

"அவர் எங்கயடா வண்டிக்குள்ள செத்தவர்? அண்டைக்கும் பஞ்சமி. அவர் வீட்டில மூச்சு நிண்ட பிறகுதானே நான் உனக்கு ஆள் அனுப்பினனான்."