மஞ்சள் முடி வாத்தியாரும் என் ஆங்கிலமும்

ஹைபோங் நகரில் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்று, இப்போது உறவினர் அனைவருக்கும் தலைமையாசிரியையாக இருந்துவரும் தியெப் அக்காவின் சமூகத்துக்கு, மலையூர் தாலாத்திலிருந்து தம்பி வின் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் மேகங்களும் சுகம். அங்கே உங்கள் முழங்காலும் மாமரமும் சுகமென்று நம்புகிறேன்.

புத்தாண்டுக்கு மகள் குயென் கனடாவிலிருந்து குழந்தையோடு வருகிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். பேத்தி தாவோவுக்கு நம் வியட்நாம் பாஷையில் ஒரு சொல்லும் வராது என்பதும் தெரியும். பிறந்ததிலிருந்து நான் அந்தக் குழந்தையோடு பேசியதே இல்லை, அக்கா. போனில் அவள் சிரிப்பாள், நான் சிரிப்பேன், பிறகு இருவரும் சுவரைப் பார்ப்போம். நேரில் வந்தும் அப்படியே சுவரைப் பார்த்துவிட்டு அவள் திரும்பிப் போய்விட்டால் என்னால் தாங்க முடியாது. அதனால்தான் இந்த வயதில் ஆங்கிலம் படிக்கக் கிளம்பினேன். நீங்களும் போனில், "சான்றிதழைப் பாக்காம யார்கிட்டயும் உக்காராதே, ஏமாந்துடுவே" என்று உத்தரவு போட்டீர்கள். போட்டபடியே செய்தேன்.

முதலில் சேர்ந்தது டெரிக் என்ற இங்கிலாந்துக்காரரிடம். அவருடைய சான்றிதழ்கள் சட்டம் போட்டுச் சுவர் முழுக்கத் தொங்கின. எங்கள் வீட்டில் முன்னோர் படங்கள்கூட அவ்வளவு இல்லை. பயபக்தியோடு உட்கார்ந்து, மரியாதைக்குரிய முதல் கேள்வியாக அவருடைய வயதைக் கேட்டேன். அவர் முகம் தக்காளியாகிவிட்டது. வயதைக் கேட்பது அநாகரிகமாம், இனி வகுப்பில் யாரும் யாரிடமும் கேட்கக் கூடாதாம். அக்கா, நமக்கு அது தெரியாமல் "நான்" என்றுகூடச் சொல்ல வராதே! எதிரில் இருப்பவர் அண்ணனா, தம்பியா, சித்தப்பாவா என்று தெரிந்தால்தானே நாம் யாரென்றே நமக்குத் தெரியும்? அந்த மழைக்காலம் முழுவதும் அங்கே நான் யாருமாகவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். அதுவும் ஒருவிதத்தில் சுகமாகத்தான் இருந்தது. நடந்திருக்கக் கூடிய, ஆனால் நடக்காமல் போன காரியங்களைச் சொல்வதற்கென்றே ஆங்கிலத்தில் ஓர் இலக்கணம் இருக்கிறதாம். டெரிக் அதைப் பலகையில் எழுதும்போதெல்லாம் நான் ஜன்னல் வழியே மேகம் பார்ப்பேன். வானிலை நிலையத்தில் காலமெல்லாம் பார்த்த வேலையாயிற்றே, கண் தானாகப் போகிறது. குயென் கனடா போகாமல் இருந்திருந்தால், குழந்தை இங்கே பிறந்திருந்தால், எனக்கு முன்னால் சறுக்கி விளையாடிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கியிருந்தால் என்று எண்ணம் பைன் காட்டுக்குள் போய்விடும். திரும்பி வரும்போது வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருப்பார்கள்.

பக்கத்து நாற்காலியில் சாமந்தித் தோட்டக்காரி நியான் உட்காருவாள். நாக்கு அவளுக்குப் பூச்செடி வெட்டும் கத்தரி. அவளும் அதே கேள்வியைக் கேட்டுத் திட்டு வாங்கியவள். ஒருநாள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எந்திரிங்கண்ணே. சோயாப்பால் கடையில ஒரு வெள்ளைக்காரர் சொல்லித் தராராம். முடி சோளக்கதிர் மாதிரி இருக்காம். அப்போ இங்கிலீஷ் எப்படி இருக்கும்னு பாத்துக்குங்க!"

"சான்றிதழ் இருக்கா?"

"உங்கக்கா படிக்கப் போறாங்களா, நீங்க படிக்கப் போறீங்களா?"

இருந்தாலும் உங்களுக்கு அஞ்சி, போனதும் கேட்டேன். எர்க்கி என்ற அந்த மனிதர் மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்ற வந்தவர், வண்டி இங்கே படுத்துக்கொள்ளவே தானும் தங்கிவிட்டவர். பைகளைத் துழாவி ஓட்டுநர் உரிமத்தை எடுத்து நீட்டினார். நியான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முத்திரை இருக்கு, போட்டோ இருக்கு. இன்னும் என்னண்ணே வேணும்?" என்றாள். அப்புறம் எர்க்கி தாமாகவே தம் வயதைச் சொன்னார்! நான் அண்ணனானேன், நியான் அக்காவானாள், எனக்கு என் "நான்" திரும்பக் கிடைத்தது. சூடான சோயாப்பாலை ஊதிக்கொண்டு அவர் தெருவைக் காட்டுவார். மூடுபனி இறங்கும். "சுமு" என்பார் மெதுவாக. நாங்கள் எல்லாரும் "சுமு" என்போம். மலைமேல் மேகம், "பில்வி". நிலா வந்தால், "கூ". என் வாழ்நாளெல்லாம் பார்த்த வானத்துக்கு இவ்வளவு அழகான பெயர்கள் ஆங்கிலத்தில் இருப்பது தெரியாமலே இருந்துவிட்டேனே! ஆகவே அக்கா, ஆங்கிலம் சொல்லித்தர மனசு போதும், சட்டம் போட்ட காகிதம் தேவையில்லை என்று உங்கள் தம்பியாகிய நான் முதன்முறையாக உங்களை எதிர்த்துச் சொல்கிறேன். கோபித்துக்கொண்டாலும் சரி.

அப்பா அம்மா படத்துக்கு என் பங்குக்கும் ஊதுபத்தி ஏற்றுங்கள். முழங்காலுக்கு எங்கள் மலையில் விளையும் கூனைப்பூத் தேயிலை அனுப்பியிருக்கிறேன், திட்டாமல் குடியுங்கள்.

உங்கள் கீழ்ப்படியும் தம்பி,
வின்

பின்குறிப்பு: அக்கா, மேலே உள்ளதைக் கிழித்துப் போடுங்கள். உறையை ஒட்டப் பசை எடுக்கும்போது குயென் கூப்பிட்டாள். குழந்தையிடம் கொடுக்கச் சொல்லி, ஜன்னலில் தெரிந்ததையெல்லாம் ஆங்கிலத்தில் வர்ணித்துத் தள்ளினேன். கடைசியில் மாப்பிள்ளை தேடிப் பார்த்துச் சொன்னார், அதில் பாதி பின்லாந்து பாஷையாம்! கடைக்கு ஓடினேன். எர்க்கி தலையைச் சொறிந்தார். "இங்கிலீஷ் வார்த்தை ஞாபகம் வராதப்போ எங்க ஊர் வார்த்தையப் போட்டேண்ணே. நீங்க அவ்ளோ ஆசையா திருப்பிச் சொன்னீங்க, நிறுத்த மனசு வரல." எந்த ஊர் என்று நாங்களும் கேட்கவில்லை, முடியைப் பார்த்து நாங்களே இங்கிலாந்தாக்கிவிட்டோம். எனவே சான்றிதழ் உள்ள ஆள் யாரையாவது உடனே பார்த்துச் சொல்லுங்கள், வயதைக் கேட்காமலே படிக்கிறேன். ஆனால் மாலையில் சோயாப்பால் கடைக்கும் போவேன், அதைத் தடுக்காதீர்கள். ஏனென்றால் குயென் மறுபடி கூப்பிட்டாள். போனை வைத்த பிறகு தாவோ அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளாம்: "தாத்தா பேசினது ஒண்ணுமே புரியலம்மா. இன்னும் கொஞ்சம் பேசச் சொல்லு."