கிறிஸ்டல் செத்துடுச்சு

திரையில் இருந்த எக்ஸ்ரே புள்ளிகள் ஒவ்வொன்றாக மங்கி மறைந்தபோது சில்வியா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

கடல் நத்தையின் நஞ்சிலிருந்து பிரித்த புரதம் அது. அதைப் படிகமாக வளர்க்கவே இரண்டு மழைக்காலம் போயிருந்தது. படிகங்களை உறையவைத்துப் பிரான்ஸில் உள்ள எக்ஸ்ரே கூடத்துக்கு அனுப்பிவிட்டு, தலத்தெருவில் மாமியார் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, இணையம் வழியாக அங்கிருக்கும் இயந்திரத்தை இயக்கிக்கொண்டிருந்தாள். புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடிக்க, அதிலேயே இருக்கும் கந்தக அணுக்கள்தான் துப்பு. அந்தத் துப்போ, தேர்க் கூட்டத்தில் கொசு முனகுகிற மாதிரி. அதனால் கதிரை மெல்லப் பாய்ச்சி, படிகத்தைத் திருப்பித் திருப்பி, எடுத்த அளவையே மறுபடி மறுபடி எடுக்க வேண்டும். கதிர் மிஞ்சினால் படிகம் போச்சு.

சில்வியா அவசரத்தில், கதிர் பாயும் நேரத்தில் ஒரு பூஜ்யத்தைக் கூடுதலாகத் தட்டிவிட்டாள்.

ஆய்வகக் குழுவில் பேராசிரியருக்குச் செய்தி போட்டாள்: “கிறிஸ்டல் செத்துடுச்சு. தப்பு என்னோடதுதான்.” அவர் பதறக் கூடாதே என்று அடுத்ததையும் போட்டாள்: “பயப்படாதீங்க. இதைவிட நல்லதா இன்னொன்னு இருக்கு. சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம்.”

உடனே போன் அடித்தது. திருநள்ளாற்றில் லாட்ஜ் மேலாளராக இருக்கும் கணவன் வில்சன்.

“எப்படி ஆச்சு?”

“ரொம்ப நேரம் சுட்டுட்டேங்க.” அவனுக்கு எப்படித் தெரியும் என்று அவளுக்கு உறைக்கவில்லை.

மறுமுனையில் போன் கீழே விழுகிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் சில்வியா பார்த்தாள். செய்தி போயிருந்தது குடும்பக் குழுவுக்கு. வில்சனின் தங்கை பெயர் கிறிஸ்டல். படிகம் என்று எழுதியிருந்தால் வம்பே இல்லை. ‘செத்துடுச்சு’ என்பதாவது காப்பாற்றுமா என்றால், அந்தப் பக்கம் பெற்ற மகளையே ‘வந்துச்சு, போச்சு’ என்றுதான் சொல்வார்கள்.

இரண்டு செய்திகளையும் அழித்தாள். எதை மறைக்கிறாய் என்று வில்சனின் அத்தை சலோமி குழுவிலேயே கேட்டாள். கிறிஸ்டல் நன்றாக இருக்கிறாள் என்று சில்வியா எழுதினாள். அப்படியானால் பேசச் சொல் என்றார்கள். ஆசிரியையான கிறிஸ்டலோ பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்குப் போயிருந்தாள். போன் அணைந்து கிடந்தது. வேறு வழியில்லாமல், “செத்தது வேற கிறிஸ்டல்” என்று போட்டாள் சில்வியா. அந்தக் குடும்பத்தில் இன்னும் இரண்டு கிறிஸ்டல்கள் இருந்தார்கள். அவர்கள் வீடுகளிலும் அழுகை தொடங்கியது.

சற்று நேரத்தில் வாசலில் ஆட்டோக்கள் வரிசை கட்டி நின்றன. கொல்லையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் ஆக்சிலியாவைச் சலோமி அத்தை கட்டிக்கொண்டு கதறினாள். ஆக்சிலியாவும் கூடவே கதறினாள். கொஞ்சம் ஓய்ந்த பிறகுதான் யார் போனது என்று கேட்டாள். பதிலைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வில்சன் சட்டைப் பொத்தான் மாறிப் போட்டபடி வந்து சேர்ந்தான். கிறிஸ்டலின் கணவன் ஜான்பீட்டர் மட்டும் அழவுமில்லை, பேசவுமில்லை. வாசல் கதவைப் பிடித்தபடி வெளிறிப்போய் நின்றான். மனுஷனுக்கு அதிர்ச்சி என்று எல்லோரும் பரிதாபப்பட்டார்கள்.

சில்வியா மாடிப்படியில் நின்றுகொண்டு, செத்தது உப்புக்கல்லைவிடச் சின்னப் பொருள், அதற்கு உயிரே கிடையாது என்று விளக்கினாள். உயிரே இல்லாதது எப்படிச் சாகும் என்று சலோமி அத்தை கேட்டாள்.

அந்த நேரத்தில், பரீட்சை முடிந்து வீடு திரும்பும் வழியில், ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு கிறிஸ்டல் உள்ளே வந்தாள். கூட்டத்தைப் பார்த்ததும் அம்மாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று அலறப்போனாள். ஆக்சிலியா அவளை முதுகில் ஒன்று வைத்துவிட்டு இறுக அணைத்துக்கொண்டாள். அழுகை மெல்லச் சிரிப்பாக மாறியது. யாரோ எல்லோருக்கும் காபி கலக்கப் போனார்கள்.

சில்வியா பெருமூச்சோடு மாடியேறி, அடுத்த படிகத்தைப் பொருத்த இயந்திரத்துக்குக் கட்டளை கொடுத்தாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ஜான்பீட்டர். அவன் முகம் இன்னும் தெளியவில்லை.

“மன்னிச்சிருங்க தம்பி, உங்களை ரொம்பப் பயமுறுத்திட்டேன்” என்றாள்.

ஜான்பீட்டர் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்.

“அது போகட்டும்க்கா. எனக்கு இன்னொன்னு இருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னா?”