இன்னும் ஒரு ரிவிஷன்

ஐயா, அம்மா, 'இன்னும் ஒரு ரிவிஷன்' என்றொரு மனித இனம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? பரீட்சைக்குப் படிக்கிற இனம் அல்ல. பரீட்சைக்குப் படித்துக்கொண்டே இருக்கிற இனம். எந்த ஆபீசிலும் ஒன்றிரண்டு தேறும் என்றாலும், அசல் சரக்கைப் பார்க்க ஆசையிருந்தால் அடையாற்றில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடிக்கு வாருங்கள். அங்கே ஸ்டாஃப் நர்ஸ் சொர்ணம், அமெரிக்காவில் வேலை பார்ப்பதற்கான நர்ஸ் உரிமத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். எவ்வளவு காலமாக? படிக்க ஆரம்பித்தபோது அவள் மகன் தவழ்ந்துகொண்டிருந்தான். இப்போது சைக்கிள் கேட்கிறான்.

தேர்வைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தேர்வாகவே நினைப்பது இவர்கள் சுபாவம். சிந்தாதிரிப்பேட்டை வீட்டில் விடிந்ததும் குக்கர் கூவுகிறது, பையன் தொண்டை கிழிய அலறுகிறான், மாமியார் மாத்திரையைக் காணோம் என்று ஊரைக் கூட்டுகிறார், கணவன் செந்தில்குமார் அசையாமல் படுத்துக் கிடக்கிறான். யாரை முதலில் கவனிக்க வேண்டும்? நீங்களும் நானும் பையனிடம் ஓடுவோம். தப்பு! அலறுகிறவனுக்கு மூச்சு நன்றாக ஓடுகிறது, அவன் கடைசி. சத்தமே போடாத ஆள்தான் ஆபத்து. ஆகவே சொர்ணம் நேரே போய்ச் செந்தில்குமாரின் மூக்கடியில் விரலை வைப்பாள்.

"இன்னாமே பண்ற? உசுரோடதான் கீறேன்!"

"அத்த நான் சொல்லணும். நீ சொல்லக் கூடாது."

ஆஸ்பத்திரியில் வேறொரு கூத்து. 'பயப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்' என்று நம்மூர் நர்ஸ்கள் பொழுதுக்கும் சொல்கிறார்களே, அதை அந்தத் தேர்வில் சொன்னால் மார்க் போச்சு. 'ஏன் பயப்படுறீங்க' என்று காரணம் கேட்டாலும் போச்சு. 'பயமா இருக்குன்னு தோணுது, அதைப் பத்திச் சொல்லுங்க' என்பதுதான் சரியான விடையாம். இதைச் சொர்ணம் சாப்பாட்டு இடைவேளையில் இளைய நர்ஸ்களுக்கு மண்டையில் குட்டிக் குட்டிச் சொல்லிக் கொடுத்தாள். படித்தவர்கள் பாஸானார்கள். பாஸானவர்கள் பறந்தார்கள். இவள் ஒவ்வொருத்தியையும் மீனம்பாக்கம் வரை போய் வழியனுப்பிவிட்டு, மெட்ரோ பிடித்து வீட்டுக்குத் திரும்பினாள்.

கடைசியாகப் பாஸானவள் மெஹக். டப்பா நிறைய பிரியாணியோடு வந்தாள்.

"அக்கா, நீங்க எப்ப எழுதப் போறீங்க?"

"கிட்னி மட்டும் கொஞ்சம் வீக்கா கீது. இன்னும் ஒரு ரிவிஷன் போட்டுக்கினா..."

"எனக்குக் கிட்னி சொல்லிக் குடுத்ததே நீங்கதானே?"

சொர்ணம் பிரியாணியில் முட்டையைத் தேடினாள். தேதியைப் பலமுறை தள்ளியாயிற்று. தேர்வு எழுதுவதற்கான அனுமதி இந்த மாதக் கடைசியோடு காலாவதி; இன்னொரு முறை தள்ளினால் விண்ணப்பத்திலிருந்து எல்லாம் புதிதாக ஆரம்பிக்க வேண்டும். இது மெஹக்குக்கும் தெரியும். அவள் கற்றுக்கொடுத்தவளிடமே கற்றதைக் காட்டினாள்.

"பயமா இருக்குன்னு தோணுது. அதைப் பத்திச் சொல்லுங்க, அக்கா."

சொர்ணம் டப்பாவைத் தள்ளிவைத்தாள்.

"எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துட்டு நான் பெயிலாயிட்டா மூஞ்ச எங்க கொண்டுபோய் வெச்சிக்கிறது, மெஹக்?"

அவ்வளவுதான் விஷயம். கிட்னியும் இல்லை, ஈரலும் இல்லை. இத்தனை நேரம் கேலி செய்துகொண்டிருந்த எனக்கே அந்த இடத்தில் மனசு கேட்கவில்லை.

இந்த முறை தேதியைத் தள்ளவில்லை. போனாள். தி.நகர்த் தேர்வு மையத்தின் வாசலில் பைக்கை நிறுத்திய செந்தில்குமார், "பயப்படாத சொர்ணம், பாஸாயிடுவ" என்றான்.

"தப்பான ஆன்சர்" என்று சொல்லிவிட்டு மாடியேறினாள்.

அந்தத் தேர்வின் விசித்திரம், ஆள் தேறிவிட்டாள் அல்லது தேறமாட்டாள் என்று உறுதியானதும் கணினி தானே நின்றுவிடும். சொர்ணம் பாதிக் கேள்விகளைத் தாண்டியிருப்பாள். 'ஆபரேஷனை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம், நான் இன்னும் தயாராகவில்லை என்கிறார் நோயாளி. நர்ஸ் என்ன சொல்ல வேண்டும்?' என்றொரு கேள்வி வந்தது. சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மேற்பார்வையாளர் முறைத்தார். விடையைத் தட்டினாள். திரை நின்றுபோனது.

நீங்களும் நானும் என்றால் பையை எடுத்துக்கொண்டு ஓடிவந்திருப்போம். சொர்ணம் கையைத் தூக்கினாள்.

"சார், இன்னும் ரெண்டு கேள்வி குடுக்கச் சொல்லுங்க சார். இப்பதான் சூடு புடிக்குது!"

முடிவு வந்தது: பாஸ். அவள் தயாராகிவிட்டது கணினிக்குத் தெரிந்திருக்கிறது, அவளுக்குத்தான் கடைசிவரை தெரியவில்லை. பிரியாணி இந்த முறை சொர்ணம் வீட்டிலிருந்து போனது. அடுத்து விசா நேர்காணலுக்குத் தேதி போட வேண்டுமே என்று மெஹக் நினைவுபடுத்தினாள்.

"போடலாம், போடலாம். கொஞ்சம் ப்ரிப்பேர் பண்ணிக்கினு..."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்தப் பல் டாக்டர், அந்த டிரைவிங் லைசென்ஸ், சண்டை போட்டுப் பிரிந்த அண்ணனுக்குப் போட வேண்டிய அந்த ஒரு போன் எல்லாம் எந்த மாதத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டிருக்கின்றன? முகம் மாறுகிறதே! பயப்படாதீர்கள் என்று சொல்லத்தான் ஆசை. சொன்னால் எனக்கு மார்க் போய்விடும்.