மறுபடியும் ஒரு சொட்டு

"சார், உங்க பாப்பாவுக்குக் குதிகால்ல குத்தி ரத்தம் எடுத்தோம்ல, அதை மறுபடியும் எடுக்கணும்..."

குழந்தைகள் வார்டு சிஸ்டர் போனில் சொன்னதில் ஆன்சனுக்கு அதற்கு மேல் எதுவும் காதில் விழவில்லை. செல்போன் கையிலிருந்து நழுவி டிபன் பாக்ஸுக்குள் விழுந்திருந்தது. அன்றைக்கென்று பார்த்து ரசம்.

"மாப்ள, மொதல்ல அதை வெளியே எடுடா!" என்று பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜெரால்ட் பதறினான். இருவரும் ஒரே மிஷன் பள்ளியில் ஆசிரியர்கள். ஆன்சன் வரலாறு, ஜெரால்ட் அறிவியல்.

போன் இரண்டு முறை மினுக்கிவிட்டு அடங்கியது; ஆஸ்பத்திரி நம்பரும் அதோடு போனது. ஆன்சன் விஷயத்தைச் சொன்னான்.

"பிறந்த பிள்ளைகளுக்கு எல்லாம் எடுக்கிற டெஸ்ட்தான் அது. தைராய்டு மாதிரி சிலது வெளியே தெரியாதுல்ல, அதைக் கண்டுபிடிக்கத்தான். அப்படி ஏதாச்சும் இருந்தாலும் உடனே மருந்து குடுத்தா சரியாயிரும். லேட் பண்ணாதான் வம்பு" என்றான் ஜெரால்ட்.

'உடனே', 'லேட்', 'வம்பு' என்ற மூன்று சொற்கள் மட்டும் ஆன்சனின் மனதில் தங்கின.

மனைவி ஷெரினிடம் சொல்லிவிடலாம். ஆனால் பிரசவத்தில் அவளுக்கு ஏறிய பிரஷர் இன்னும் முழுதாக இறங்கவில்லை. 'மனசுக்குக் கஷ்டமான எதையும் சொல்லாதீங்க' என்று டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்திருந்தார். பாப்பா தும்மினாலே கண்கலங்குகிறவள் அவள். அவளுக்குத் தெரியாமலே காரியத்தை முடித்துவிடுவது என்று ஆன்சன் தீர்மானித்தான்.

அன்று மாலை வில்லாபுரத்தில் இருந்த மாமியார் வீட்டுக்குப் போனதும் மெல்ல ஆரம்பித்தான்.

"ஷெரின், நாளைக்கு லீவு போட்டுட்டு வாரேன். பாப்பாவை ஆஸ்பத்திரியில ஒருதடவை எடை பாத்துட்டு வந்துருவோமா?"

"நாளைக்கா? அதெல்லாம் ஒண்ணும் வேணாங்க. நீங்க ஸ்கூலுக்குப் போங்க" என்றாள் ஷெரின், சட்டென்று.

"பரீட்சை நேரத்துல எதுக்கு மாப்ள லீவு?" என்று மாமியார் ஆனிமேரியும் சேர்ந்துகொண்டார்.

மறுநாள் மாலை வேறு வழியில் வந்தான். "பாப்பாவை ஒரு போட்டோ எடுக்கணும். நான் மட்டும் தூக்கிட்டுப் போயி, அரைமணியில கொண்டாந்துர்றேன்."

"பச்சப்புள்ளைய வெயில்ல தூக்கிட்டா? போட்டோதானே? இருங்க" என்று ஆனிமேரி போனை எடுத்தார்.

சற்று நேரத்தில் ஸ்டுடியோக்காரர் குடையும் விளக்குமாக வந்து இறங்கினார். பாப்பாவைக் கூடைக்குள் படுக்க வைத்து எடுத்தார். பூவுக்கு நடுவே எடுத்தார். ஆன்சனைத் தொட்டிலுக்குப் பின்னால் நிறுத்தி, "சிரிங்க சார், இம்புட்டு அழகா ஒரு பிள்ளைய வச்சுக்கிட்டு ஏன் இப்படி நிக்கிறீங்க?" என்றார். ஆன்சன் சிரித்தான். ஒரு படத்திலும் அது சிரிப்பாக விழவில்லை.

நாள் போய்க்கொண்டிருந்தது. பாப்பா கொஞ்சம் அதிகம் தூங்கினால் தைராய்டோ என்று தோன்றியது. அழுதால் அதுவும் தைராய்டோ என்று தோன்றியது. சனிக்கிழமை இரவு கடைசி அஸ்திரத்தை எடுத்தான்.

"அத்தை, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல மாதா கோயில் இருக்குல்ல? பிரசவம் நல்லபடியா முடிஞ்சா பாப்பாவோட வாரேன்னு வேண்டியிருந்தேன். நாளைக்கு நானும் பாப்பாவும் மட்டும் சத்தமில்லாம போயிட்டு..."

ஆனிமேரியின் கண்கள் நிறைந்துவிட்டன. "நானே நன்றி சொல்லப் போகணும்னு நெனச்சேன் மாப்ள! நேர்த்திக்கடனை யாராச்சும் சத்தமில்லாம செய்வாங்களா?"

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் ஒரு வேன் நின்றது. அதில் ஷெரினின் சித்திமார், பெரியம்மா, அவர்களின் மருமகள்கள், ஒரு அண்டா சர்க்கரைப் பொங்கல் எல்லாம் இருந்தன. பாப்பாவோடு ஷெரினும் ஆனிமேரியும் ஏறிக்கொண்டார்கள். ஆன்சனுக்கு டிரைவர் பக்கத்தில் அண்டாவைப் பிடித்துக்கொள்ளும் இடம் கிடைத்தது.

கோயிலில் பாப்பா கைக்குக் கை மாறியது. ஆன்சன் ஒரு சித்தியிடம் போய் நின்றால், அதற்குள் பாப்பா அடுத்த சித்தியிடம் போயிருந்தது. பூசை முடிந்தது. பொங்கலும் முடிந்தது. எல்லோரும் மறுபடி வேனில் ஏறினார்கள்.

இதோ ஆஸ்பத்திரி. இதோ அதன் கேட். வேன் அதைத் தாண்டப் போகிறது.

"ஐயோ! நெஞ்சு!" என்று கத்திக்கொண்டு ஆன்சன் அண்டாவின் மேல் சாய்ந்தான்.

டிரைவர் வண்டியை அப்படியே ஆஸ்பத்திரிக்குள் திருப்பினார். பாப்பாவோடு உள்ளே வந்தாகிவிட்டது என்று ஆன்சனுக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. மறுகணம் அவனை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து, சட்டையைக் கழற்றி, மார்பு முழுக்க வயர்களை ஒட்டினார்கள். வெளியே ஆனிமேரி உரக்க ஜெபமாலை சொல்ல, சித்திமார் பதில் சொன்னார்கள். அதையும் மீறி ஷெரினின் அழுகை கேட்டது. அவள் அழக்கூடாது என்பதற்காகத்தானே இவ்வளவும்!

ஈ.சி.ஜி. பார்த்த டாக்டர், "ஒண்ணுமே இல்லையே" என்று நெற்றியைச் சுருக்கினார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர். குழந்தைகள் வார்டு சிஸ்டரைக் கொஞ்சம் கூப்பிடுங்க. ப்ளீஸ்!"

தமிழ்வாணி சிஸ்டர் வந்தார். போனில் கேட்ட அதே குரல்.

"சிஸ்டர், நான் ஷெரினோட வீட்டுக்காரர். பாப்பா வெளியேதான் இருக்கு. எப்படியாச்சும் அந்த ரத்தத்தை எடுத்துருங்க. என் வொய்ஃபுக்கு மட்டும் தெரிய வேணாம், அவ தாங்க மாட்டா."

தமிழ்வாணி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"சார், மொத தடவை எடுத்த ரத்தம் பத்தலை. அதைச் சொல்லத்தான் உங்களுக்குப் போட்டேன். பாதியிலயே கட் ஆயிருச்சு. அதனால உங்க வீட்டம்மாவுக்குப் போட்டுச் சொன்னேன். மறுநாள் காலையிலயே அவுகளும் உங்க மாமியாரும் பாப்பாவைத் தூக்கிட்டு வந்துட்டாங்க. நேத்து ரிசல்ட்டும் சொல்லியாச்சு. எல்லாம் நார்மல்."

ஆன்சன் வயர்களோடு எழுந்து உட்கார்ந்தான். நெஞ்சுக்குள் எத்தனையோ நாளாக அடைத்துக் கிடந்த ஏதோ ஒன்று கரைந்து, கண் வழியாக இறங்கியது. அழுதானா சிரித்தானா என்று அவனுக்கே தெரியவில்லை.

"அப்ப... எங்கிட்ட ஏன் சிஸ்டர் யாருமே சொல்லலை?"

தமிழ்வாணி ஒவ்வொரு வயராகப் பிடுங்கிக்கொண்டே சொன்னார்:

"'எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் மூச்சு விட்டுறாதீங்க சிஸ்டர், கேட்டா அவருக்கு நெஞ்சு வலி வந்துரும்'னு அந்தம்மா எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டுல்ல போனாங்க!"